சாமிக்கு விட்ட முதல் சுற்று

எங்கள் பக்கத்துப் பொருட்காட்சிகளில் புதிய ராட்டினம் ஒன்று வந்து இறங்கினால் அதன் முதல் சுற்று சாமிக்கு. பூசணிக்காய் உடைத்து, அடிச்சட்டத்தில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் கொளுத்திக் காட்டிவிட்டு ஆள் இல்லாமல் ஒரு சுற்று விடுவார்கள். பெட்டிகள் காலியாகப் போய்க் காலியாக வரும். எந்தச் சட்டத்திலும் இப்படி ஒரு விதி இல்லை. ஆனால் விதிகளில் உள்ள மற்ற எல்லாவற்றையும்விட ஒழுங்காக நடப்பது இதுதான்.

நான் வருவாய்த் துறையில் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். பொருட்காட்சிக்கு அனுமதி கேட்கும் கோப்பு பல வருடங்கள் என் மேசை வழியாகப் போயிருக்கிறது. தீயணைப்பின் தடையின்மைச் சான்று, கட்டுமான உறுதிச் சான்று, மின் பாதுகாப்புச் சான்று, காவல் துறையின் கருத்து, காப்பீட்டு நகல் என்று எல்லாம் வரிசையாக இருக்க வேண்டும். ராட்டினம் லாரியிலிருந்து இறங்குவதற்கு முன்பே அது உறுதியாக நிற்பதாகச் சான்று வந்து சேர்வதும் உண்டு. தேதியைச் சுட்டிக்காட்டித் திருப்பி அனுப்புவேன். மறுநாள் சரியான தேதியோடு அதே சான்று வரும். நிர்வாகம் என்பது பெரும்பாலும் இதுதான்.

ஒரு பங்குனிப் பொங்கலுக்கு முந்தின நாள் சாயங்காலம், அருப்புக்கோட்டைப் பொருட்காட்சித் திடலை நேரில் பார்த்து அறிக்கை எழுதப் போயிருந்தேன். கப்பல் போல முன்னும் பின்னும் வீசி ஆடும் ராட்டினத்தை அந்த வருடம்தான் முதன்முதலாகக் கொண்டுவந்திருந்தார்கள். மணல் மூட்டைகளை ஏற்றி ஆட்டிப் பார்த்து, இறக்கிப் போட்டிருந்தார்கள். அதில் ஒரு மூட்டையின் மேல் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகி, செருப்பைக் கழற்றி மஞ்சள் பைக்குள் போட்டு, ஏறத் தயாராக இருந்தார்.

"கவுன்டரே திறக்கலக்கா. நாளைக்கு வாங்க" என்றார் ராட்டினக்காரர்.

"நாளைக்குத்தான் ஊரே வருமே. நான் இப்ப ஏறணும்."

"இப்ப விடுறது சாமிக்கு. ஆளு ஏறக் கூடாது."

"சாமி ஒத்தையிலயா போகுது? துணைக்கு நான் ஏறிக்கிறேன்."

ராட்டினக்காரர் என்னைப் பார்த்தார். சாமிக்குத் துணை போவது பற்றி அரசாங்கத்துக்குக் கருத்து எதுவும் கிடையாது. ஆனாலும் அதிகாரி என்று வந்துவிட்டால் ஏதாவது சொல்ல வேண்டும்.

"ஏம்மா, மொத ஆளு நீங்க இல்ல. நீங்க உக்காந்திருக்கிற மூட்டை ஏற்கனவே ஏறி இறங்கிருச்சு."

"மூட்டை பயந்துச்சாண்ணே?"

"மூட்டை எப்படிம்மா பயப்படும்?"

"அப்ப அது ஏறுனது கணக்குல வராது."

ஏற்றினார்கள். கப்பல் உச்சிக்குப் போய் ஒரு கணம் நின்று பின்னால் விழுந்தபோது கீழே நின்ற நானே ராட்டினக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவர் கத்தவில்லை, கண்ணை மூடவும் இல்லை. யாரோ ரகசியமாகச் சொல்வதை உற்றுக் கேட்பவர் போல முகத்தை வைத்திருந்தார். இறங்கினார். செருப்பைப் போட்டுக்கொண்டார். "வாரேண்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் ஊரே வரிசையில் நின்றபோது அவர் அந்தப் பக்கமே வரவில்லை. ஒரு ராட்டினத்தில் அவர் இரண்டாம் முறை ஏறி யாரும் பார்த்ததில்லை.

அவர் பெயரை நான் எழுதவில்லை. ஊரிலும் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. வத்தல்கடை அக்கா என்றால் போதும். பஜாரில் மிளகாய் வத்தல், மல்லி மொத்த வியாபாரம். அந்தக் கடைக்குள் நுழைகிற எவரும் தும்மாமல் வெளியே வந்ததில்லை. வந்தவர் தும்மி முடிக்கும் வரை மரியாதையாகக் காத்திருந்து, அப்புறம்தான் விலை சொல்வார். வத்தலில் தண்ணீர் தெளித்து எடை ஏற்றுவது அந்தத் தொழிலில் எல்லாரும் செய்வது. அவர் செய்ததில்லை. அதைப் பற்றிப் பேசியதும் இல்லை.

அந்த வருடம்தான் நாங்கள் பாளையம்பட்டிக்குக் குடிபோயிருந்தோம். அவர் எங்கள் எதிர்வீடு என்பது மறுநாள் காலையில் தெரிந்தது. அன்றிலிருந்து எனக்குத் தாசில்தாரண்ணே என்று பெயர். நான் துணைதான் என்று பலமுறை திருத்தியிருக்கிறேன். "சாமிக்கே துணை நான்தான். உங்களுக்கு எதுக்குண்ணே அந்த வேலை?" என்பார்.

வருடாவருடம் ராட்டினங்கள் மாறின. சுழன்றுகொண்டே சாயும் தட்டு வந்தது. தண்டவாளத்தில் வளைந்து இறங்கும் டிராகன் ரயில் வந்தது. எது புதிதாக வந்தாலும் சாமிக்கு விடும் சுற்றில் அவர் இருந்தார். ராட்டினக்காரர்களுக்கும் அது பழகிவிட்டது. பிறகு அதில் ஒரு லாபம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். மைக்கைப் பிடித்து, "நம்ம ஊரு வத்தல்கடை அக்கா ஏறி இறங்கிட்டாக! பயமில்லாம வாங்க!" என்று கூவினார்கள். ஊரும் நம்பியது. "அக்கா ஏறியாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் எடுத்தார்கள். நான் வரிசைப்படுத்தி வைத்த சான்றுகளை ஒருவரும் கேட்டதில்லை.

ஒரு வருடம் சாயும் தட்டு பாதியில் சிக்கிக்கொண்டது. ஒருவருக்கும் அடி இல்லை. ஆனால் நெடுநேரம் சாய்ந்தபடி தொங்கியவர்கள், இறங்கியதும் நேரே அவர் கடைக்கு வந்துவிட்டார்கள்.

"நீங்க ஏறுனதால தானக்கா நாங்க ஏறுனோம்?"

"நல்லாருக்குன்னு நான் சொன்னேனா?"

"சொல்லல. ஏறுனீகல்ல?"

"நான் ஏறுனது எனக்கு. உங்களுக்கு வேணும்னா தாசில்தாரண்ணே கிட்ட பேப்பரு இருக்கு, அதைப் பாத்துட்டு ஏறுங்க."

வந்தவர்கள் தும்மிக்கொண்டே திரும்பிப் போனார்கள். அடுத்த வருடமும் அவர் ஏறியாயிற்றா என்றுதான் கேட்டார்கள்.

மகனுக்கு மல்லாங்கிணற்றில் பெண் பார்க்கப் போன அன்று மதுரையில் ஒரு புதிய ராட்டினம் தொடங்கியது. மற்றவர்களை வேனில் அனுப்பிவிட்டு இவர் மட்டும் காலையிலேயே மதுரைக்குப் பஸ் ஏறினார். பெண் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கொண்டை அவிழ்ந்து, தலைமுடி ஒரு பக்கமாக நின்றிருந்தது. என்னம்மா ஆயிற்று என்று பெண்ணின் தகப்பனார் பதறினார். இவர் உள்ளதைச் சொன்னார். கூடத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உள்ளறையில் பெண் மட்டும் சிரித்துவிட்டாள். "இந்தப் பொண்ணு போதும்" என்று எழுந்துவிட்டார் இவர். பஜ்ஜிகூட வரவில்லை.

ஏன் இப்படி என்று என் மனைவிதான் ஒருநாள் கேட்டாள். திருச்சுழித் திருவிழாவில் ஒரு ராட்டினத்தைத் தொடங்கிவைத்துவிட்டு, எங்களோடு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார். வெளியே கருவேலங்காடும் காய்ந்த கண்மாயும் போய்க்கொண்டிருந்தன.

"பயமே கிடையாதா உங்களுக்கு?"

"பயத்துக்குத்தான மதினி போறதே. ரெண்டாம் நாளு போனா, இந்த எடத்துல வயித்தைக் கலக்கும், இந்த எடத்துல கத்தணும்னு ஊரே சொல்லிக் குடுத்துரும். அப்புறம் நம்ம பயப்படுறது அடுத்தவுக பயத்தை. மொத ஆளாப் போனாத்தான் நம்மளுதுன்னு ஒண்ணு கிடைக்கும்."

"அதுக்கு வீட்டுல ஒரு பாம்பு வந்தாப் பத்தாதா?"

"பாம்பு எல்லாரு வீட்டுக்கும் வந்ததுதான மதினி?"

அவர் வீட்டு எவர்சில்வர் பாத்திரங்கள் எல்லாவற்றிலும் வேறொரு பெண்ணின் பெயர் வெட்டியிருக்கும். அது முதல் தாரத்தின் பெயர். கல்யாணச் சீராக வந்த பாத்திரங்கள். அந்தப் பெண் காய்ச்சலில் போய்விட, கைக்குழந்தையாக இருந்த மகனை வளர்க்க இரண்டாம் தாரமாக வந்தவர் இவர். சில வருடங்களில் கணவரும் போய்விட்டார். கடைப் பலகையில் இன்றுவரை மாமனார் பெயர்தான். மகன் இவரைச் சித்தி என்றுதான் அழைத்தான். அப்படி அழைக்கச் சொல்லிப் பழக்கியவர்கள் உறவுக்காரர்கள். அதை மாற்ற இவர் முயன்றதில்லை.

இதையும் ராட்டினத்தையும் சேர்த்து முடிச்சுப் போடுவது சுலபம். என் மனைவி போட்டாள். உங்கள் பெயர் வெட்டிப் புதுப் பாத்திரம் வாங்கிக்கொள்ளலாமே என்று அவரிடமே சொன்னாள். "சோறு சட்டியில வேகுது மதினி. பேருலயா வேகுது?" என்று கேட்டுவிட்டு அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். ஆகவே நானும் முடிச்சுப் போடவில்லை.

நான் ஓய்வு பெற்றபின் ஒருநாள், கடையில் மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மதுரையில் ஸ்டென்ட் வைத்தார்கள். மாடிப்படிகூட மெதுவாகத்தான் ஏற வேண்டும், அதிர்ச்சி ஆகவே ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில், நான்குவழிச் சாலையோரம் புதிதாக ஒரு கேளிக்கைப் பூங்கா திறக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. ரோலர் கோஸ்டர். எங்கள் பக்கம் அதுவரை யாரும் பார்த்திராத உயரம். சோதனை ஓட்டத்தின் வீடியோ எல்லார் போனிலும் ஓடியது. அவர் போனிலும் ஓடியது. திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று மருமகள் வந்து சொன்னாள்.

மகன் என்னிடம் வந்தான். முப்பது வயது தாண்டியவன், நிதானமானவன். அன்று உட்காரக்கூட இல்லை.

"மாமா, உங்களுக்குத் தெரியாத ரூலு கிடையாது. நெஞ்சுக்கு வைத்தியம் பாத்தவுகள ஏத்தக் கூடாதுன்னு ஒண்ணு இருக்கும்ல? எடுத்துக் குடுங்க. நான் சொன்னா சித்தி கேக்க மாட்டாக. அச்சுல இருந்தாக் கேப்பாக."

"இருக்கு. போர்டு வச்சிருப்பாங்க. இதய நோய் உள்ளவங்க ஏறக் கூடாது, மீறி ஏறினா நிர்வாகம் பொறுப்பில்லைன்னு."

"அது தடுக்குமா?"

"தடுக்காது. அந்தப் போர்டு தடுக்கிறதுக்கு இல்ல. ஏதாவது ஆனா யாரைக் கேக்கக் கூடாதுன்னு சொல்றதுக்கு. ஏறும்போது வாயால ஒரு தடவை கேப்பாங்க. அவ்வளவுதான்."

அவன் போன சற்று நேரத்தில் அவர் வந்தார்.

"பையன் வந்தானாண்ணே? என்ன சொன்னீக?"

அவனிடம் சொன்னதையே சொன்னேன். இரண்டு பக்கத்துக்கும் ஒரே பதில் சொல்வது என் பழைய வழக்கம்.

"அப்பக் கேக்கத்தான் செய்வாக. சோதிச்சுப் பாக்க மாட்டாக."

"மாட்டாங்க."

எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினார். "அப்பப் பொய் சொல்லித்தான ஏறணும்" என்றார்.

"ஏம்மா, டாக்டர் சொன்னது?"

"சொன்னாரு. ஏறாம இருந்தா எத்தன வருசம் இருப்பேன்னு கேட்டேன். அதுக்கு அவரு மாத்திரையைத்தான் எழுதிக் குடுத்தாரு."

திறப்பு நாளன்று மகனே காரில் அழைத்துப் போனான். தடுக்க முடியாவிட்டால் கூடவாவது இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தான். என்னையும் ஏற்றிக்கொண்டான். ஆஸ்பத்திரி ஃபைலும் மாத்திரைகளும் இருந்த பையை வழி முழுவதும் மடியிலேயே வைத்திருந்தான்.

திறப்பு விழாக்களுக்கு ஒரு நெறிமுறை உண்டு. முக்கிய விருந்தினர்கள் வந்தார்கள். நாடா வெட்டினார்கள். முதல் வண்டியின் இருக்கைகளில் உட்கார்ந்தார்கள். தோளை அழுத்தும் சட்டம் இறங்கியது, புகைப்படம் எடுத்தார்கள், சட்டம் ஏறியது, எல்லாரும் இறங்கிச் சாப்பாட்டுப் பந்தலுக்குப் போய்விட்டார்கள். வண்டி காலியாக நின்றது. "யாரு முதல்ல வர்றீங்க?" என்று மைக்கில் கேட்டார்கள். அதுவரை முண்டியடித்துக்கொண்டிருந்த கூட்டம் ஓரடி பின்னால் நகர்ந்தது.

அவர் முன்னால் போனார். செருப்பைக் கழற்றினார்.

சீருடை போட்ட பையன் ஒருவன் வாசலில் நின்றிருந்தான். "அம்மா, நெஞ்சுவலி, பிரஷர், ஆபரேஷன் ஏதாச்சும் உண்டா?"

அவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். மறுபடி திறந்தார். ஒன்றும் வரவில்லை. வத்தல் விலையை எத்தனையோ பேரிடம் கண்ணைப் பார்த்துச் சொன்னவர், அந்தப் பையனின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பையனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பக்கத்தில் பையும் கையுமாக நின்றவனிடம் திரும்பினான். "நீங்க யாரு சார் அவங்களுக்கு?"

"மகன்."

"அவங்களுக்கு ஏதாச்சும் உண்டா?"

உண்டு என்று ஒரு சொல் சொன்னால் போதும். அதற்காகத்தான் என் வீட்டுக்கு வந்து விதி கேட்டான். இப்போது விதியே அவனிடம் வந்து கேட்டது. அவன் சித்தியைப் பார்த்தான். அவர் இவனைப் பார்க்கவில்லை. வண்டியின் முன்வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் இல்ல" என்றான்.

வண்டி சங்கிலியில் கடகடவென்று ஏறியது. பின்வரிசைகளில் இளைஞர்கள் சிலர் துணிந்து ஏறியிருந்தார்கள். முன்வரிசையில் அவர் மட்டும். உச்சியில் ஏறி, விளிம்பைத் தாண்டி, விழுந்தது. மகன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் குந்தியிருந்தான். வண்டி இருந்த பக்கம் திரும்பவே இல்லை. இளைஞர்களின் அலறலுக்கு நடுவே ஒரு பெண்குரல் கேட்டது போல இருந்தது. அவர் கத்தி நான் கேட்டதில்லையாதலால் அது அவர் குரல்தானா என்று சொல்லத் தெரியவில்லை.

வண்டி வந்து நின்றது. அவரே இறங்கி நடந்து வந்தார். கூந்தல் முழுவதும் அவிழ்ந்து கிடந்தது. பெஞ்சில் உட்கார்ந்து, மகன் கொடுத்த மாத்திரையையும் தண்ணீரையும் வாங்கிக்கொண்டார். கண்கள் தண்டவாளத்தின் மேலேயே அலைந்துகொண்டிருந்தன. பிறகு அவனைப் பார்த்தார்.

"ஏலே, என் பொய்ய நீ எதுக்குச் சொன்ன?"

"நீங்க சொல்ல மாட்டீகன்னு தெரியும் சித்தி."

அவர் அவன் தலையில் கையை வைத்தார். வைத்தது தடவுவதற்கா, பிடித்துக்கொண்டு எழுவதற்கா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் நடந்தன.

அடுத்த மாதம் ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தவர் எழவில்லை. ராட்டினத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று டாக்டரைக் கேட்டார்கள். உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். அரசாங்கப் பதில் போல் இருந்தது.

மூன்றாம் நாள் துக்க வீட்டில் உறவுகள் எல்லாம் கூடியிருந்தபோது, பாலவனத்தத்திலிருந்து வந்திருந்த அவருடைய அண்ணனுக்கு யாரோ பூங்கா வாசலில் நடந்த கேள்வி பதிலைச் சொல்லிவிட்டார்கள். பெரியவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"கேட்டாகளாமே. ஒண்ணும் இல்லைன்னு சொன்னியாமே. பெத்தவளா இருந்தாச் சொல்லிருப்பியாலே? சித்திதானன்னு ஏத்தி விட்டுட்ட."

மகன் சுவரோரம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். மூன்று நாளாக அவன் சோற்றில் கை வைக்கவில்லை என்று மருமகள் என் மனைவியிடம் சொல்லியிருந்தாள். பெரியவரின் கேள்வியை அவனே தன்னிடம் ஏற்கனவே கேட்டிருப்பான் என்று தோன்றியது.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க ஆபீஸரு. கூடப் போனவுக. சட்டப்படி சொல்லுங்க. இவன் செஞ்சது குத்தமா, இல்லையா?"

எழுந்து நின்றுதான் சொன்னேன். அலுவலகத்தில்கூட அவ்வளவு நிதானமாக நான் பேசியதில்லை.

"சட்டப்படின்னா, கேள்வி கேக்க வேண்டியது ஏறுறவுககிட்ட. பதில் சொல்ல வேண்டியதும் அவுக. கூட வந்தவன் சொன்ன பதிலுக்கு மதிப்புக் கிடையாது. போர்டை அவுக படிச்சாக. டாக்டர் சொன்னதையும் கேட்டிருந்தாக. தெரிஞ்சு போயி உக்காந்தாக. பொறுப்பு முழுக்க அவுகளோடது. பூங்காவுக்குப் பங்கில்ல, இவனுக்கும் பங்கில்ல."

எந்த விதியும் அவ்வளவு தெளிவாக எழுதப்பட்டிருக்கவில்லை. ஒரு சின்ன வக்கீல்கூட அதை அரை மணி நேரத்தில் உடைத்துவிடுவார். நல்லவேளையாக அங்கே வக்கீல் யாரும் இல்லை.

"அப்பத் தப்பு அவளோடதுங்கிறீகளா?"

"ஆமா. அவுகளோடது மட்டும்தான்."

பெரியவர் நின்றபடியே இருந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த துண்டை முகத்திலிருந்து எடுக்க நேரமாயிற்று. "சரிதான்" என்றார். "அவ தனக்குன்னு ஒண்ணு எடுத்தா யாருக்கும் அதுல பங்கு குடுக்க மாட்டா."

சுவரோரம் போய் மகனின் தோளைத் தொட்டார். "எந்திரிலே. கையைக் கழுவிட்டு வா."

மருமகள் இலை போட்டாள். மகன் வந்து உட்கார்ந்தான். முதல் கவளத்தை அவன் மென்று விழுங்கும்வரை பெரியவர் அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.